எட்டு மணி நேரம் யாருக்கு?

மடிக்கணினி விற்கும் கடைக்குப் போனால் வழவழப்பான வண்ணத் தாள் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதை வரிவரியாகப் படித்துப் பார்த்ததுண்டா? நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதுகிறோம். ஒரு குடும்பம் ஒரு போகத்து வருமானத்தைக் கொட்டி வாங்கும் பொருளின் விவரத் தாளை மட்டும் எவரும் விமர்சிப்பதில்லை. இக்கட்டுரையில் அதைத்தான் செய்யப் போகிறேன்.

என் முன்னே இருக்கும் தாளில் மூன்று செய்திகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. தனியான கிராஃபிக்ஸ் கார்டு உண்டு. திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படும். பேட்டரி 8 மணி நேரம் வரை நிற்கும். இம்மூன்றும் தனித்தனியே உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரே வேளையில் உண்மையாவதில்லை. அதைத் தாள் எங்கும் சொல்லவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இந்தத் தாளை என்னிடம் கொண்டு வந்தவர் பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் ஒரு விவசாயி. மகள் பொறியியல் மாணவி. ஓர் ஆண்டு வெங்காயம் நல்ல விலைக்குப் போயிற்று. மகளுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் காலையில் ஆலத்தூர் கேட் வந்து பேருந்து மாறிக் கல்லூரிக்குப் போய், பொழுது சாயும்போது வீடு திரும்புகிறவர். இடையில் மின் செருகி கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். முதல் வாரத்திலேயே கருவி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அணைந்து போகத் தொடங்கியது. கடைக்கு எடுத்துப் போனார்கள். "கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் பேட்டரியைத் தின்னத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தந்தையார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சார், எட்டு மணி நேரம்னு அச்சடிச்சுல்ல குடுத்திருக்காங்க. அப்ப அது பொய்யா?"

பொய் என்று சொல்லியிருந்தால் எளிதாகப் போயிருக்கும். ஆனால் விஷயம் அத்தனை எளிதன்று.

ஒரு வகுத்தல் கணக்கு

மடிக்கணினியைக் கவிழ்த்துப் பாருங்கள், அல்லது விவரத் தாளின் கடைசிப் பகுதியில் பொடி எழுத்தைத் தேடுங்கள். பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கருவியில் அது 52 வாட்-மணி. மின்வாரியம் நம்மிடம் கணக்குப் பார்க்கும் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு, சேதாரத்தை விட்டுவிட்டால், இந்தப் பேட்டரியைப் பத்தொன்பது முறை நிரப்பலாம். பழைய 75 வாட் மின்விசிறி ஒன்றை இதில் மாட்டினால் நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல் சுற்றும். அவ்வளவுதான் இருப்பு.

இப்போது 52-ஐ 8-ஆல் வகுப்போம். ஆறரை வாட் வருகிறது. அதாவது திரை, செயலி, நினைவகம், வட்டு, வானலைத் தொடர்பு அனைத்தும் சேர்ந்து ஆறரை வாட்டுக்குள் வாழ்ந்தால்தான் விளம்பரத்தின் எட்டு மணி நேரம் கிட்டும். நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பைவிடக் குறைவான செலவு இது. எட்டு மணி நேரம் என்ற பெரிய எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் எண் இதுதான். திரையின் ஒளியைத் தாழ்த்தி, தனி கிராஃபிக்ஸ் கார்டை முழுமையாக உறங்க வைத்தாலன்றி இந்த ஆறரை வாட் இயலாது.

ஆக, தாளின் மூன்றாவது செய்தி உண்மையாக இருக்க வேண்டுமானால் முதற் செய்தியில் பெருமையாகச் சொல்லப்பட்ட உறுப்பு வேலையே செய்யாமல் இருக்க வேண்டும்.

கார்டு என்பது என்ன?

அட்டை என்று பெயர்; ஆனால் மடிக்கணினிக்குள் அநேகமாக அட்டை எதுவும் இராது. தாய்ப்பலகையிலேயே பற்ற வைத்த ஒரு சில்லும், அதைச் சுற்றி அதற்கே உரிய நினைவகச் சில்லுகளும், அவற்றுக்கு மின்னழுத்தம் வழங்கும் சுற்றும் சேர்ந்ததையே கார்டு என்கிறோம். மேசைக் கணினி நாளில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

திரையில் நீங்கள் காணும் படம் இலட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட வேண்டும். கணக்கு எளியது, ஆனால் எண்ணிக்கையோ மிகப் பெரிது. ஆகவே ஒரே மாதிரிக் கூலி வேலையை ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் ஒரே நேரத்தில் செய்வது போன்ற அமைப்பு தேவைப்படுகிறது. கட்டுரை தட்டச்சு செய்யவும் காணொளி பார்க்கவும் போதுமான சிறு அமைப்பு ஒன்று இப்போதெல்லாம் மையச் செயலியோடு சேர்ந்தே வருகிறது. இன்டெல் நிறுவனம் 2011 தொடக்கத்தில் வெளியிட்ட செயலிகளில் அதை ஒரே சில்லில் பதித்தது. தனி கார்டு இதற்கு மேல் கூடுதலாக வைக்கப்படுவது. இரண்டும் உள்ள கருவியில் இரண்டு சித்திரக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் சிக்கனக்காரர், மற்றவர் பலசாலி.

பலசாலியின் பசி எங்கிருந்து வருகிறது? டிரான்சிஸ்டர் ஒன்று நிலை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்வது போன்ற வேலை நடக்கிறது. செலவாகும் திறன் அந்த மின்தேக்கியின் அளவையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும், அதிர்வெண்ணையும் பெருக்கிய அளவில் இருக்கும். வர்க்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்னழுத்தத்தை 1 வோல்ட்டிலிருந்து 0.7 வோல்ட்டுக்குக் குறைத்தால் இந்தச் செலவு பாதியாகிவிடும். சிக்கனக்காரர் குறைந்த மின்னழுத்தத்திலும் குறைந்த அதிர்வெண்ணிலும் காலம் தள்ளுகிறவர். பலசாலியிடம் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை வேகமாகவும் மாற வேண்டும்.

இது வேலை செய்யும்போது ஆகும் செலவு. வேலை செய்யாமல் வெறுமனே விழித்திருந்தாலும் செலவு உண்டு. மூடிய குழாயில் நீர் சொட்டுவது போல, அணைந்த டிரான்சிஸ்டர் வழியேயும் சிறிது மின்னோட்டம் கசியும். கார்டின் நினைவகம் தான் வைத்திருப்பதை மறக்காமலிருக்க அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டும். இந்தச் சில்லறைச் செலவெல்லாம் சேர்ந்து சில வாட்டுகளாகிவிடும். மொத்தமே ஆறரை வாட்டில் குடும்பம் நடத்தும் கருவியில் இன்னும் ஆறேழு வாட் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கார்டு பேட்டரியைத் தின்கிறது என்ற கடைக்காரர் கூற்றும் பாதி உண்மையே. இரண்டு மூட்டை வெங்காயத்தை ஆலத்தூர் கேட் வரை கொண்டு போக எவரும் டிராக்டரை எடுப்பதில்லை; மொபெட் போதும். ஆனால் கொட்டகையில் டிராக்டர் நிற்பதனாலேயே டீசல் தீர்ந்துவிடாது. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தியிருந்தால்தான் தீரும். கேட்க வேண்டிய கேள்வி, கார்டு இருக்கிறதா என்பதன்று. அது உறங்குகிறதா என்பதுதான்.

உறங்க வைத்த கதை

உறங்க வைப்பது ஒரு காலத்தில் கைவேலையாக இருந்தது. 2006-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட வயோ வரிசைக் கருவி ஒன்றில் விசைப்பலகைக்கு மேலே ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் வேகம், மறு பக்கம் தள்ளினால் நீடிப்பு. தள்ளிய பிறகு கணினியை அணைத்து மீண்டும் தொடங்க வேண்டும். எத்தனை பேர் அந்தச் சிரமத்தைப் பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

2010 பிப்ரவரியில் என்விடியா நிறுவனம் ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டை அறிவித்தது. இதில் திரையின் கம்பி சிக்கனக்காரரோடு மட்டும் இணைந்திருக்கும். கடினமான வேலை வந்தால் பலசாலி எழுப்பப்படுவார். அவர் வரைந்த படத்தைச் சிக்கனக்காரரின் நினைவகத்தில் பிரதியெடுத்து வைக்க, அங்கிருந்து அது திரைக்குப் போகும். வேலை முடிந்ததும் பலசாலிக்குப் போகும் மின்சாரமே துண்டிக்கப்படும். சுவிட்சும் வேண்டாம், மறுதொடக்கமும் வேண்டாம். பொறியியலில் எனக்குப் பிடித்த தீர்வுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் உறங்கச் சொல்வது மென்பொருளின் வேலை. லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு அந்த மென்பொருளை என்விடியா அன்று தரவில்லை. விளைவு விசித்திரமானது: கார்டைப் பயன்படுத்தவும் முடியவில்லை, அது விழித்திருந்து மின்சாரத்தைக் குடிப்பதை எளிதில் தடுக்கவும் முடியவில்லை. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் இத்தகைய கருவி வாங்கியிருந்த ஒருவர் இதைப் பற்றிக் கேட்க, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவை நோக்கி அந்நிறுவனத்தை அச்சில் ஏற்ற முடியாத சொல்லால் ஏசினார். அந்த ஏச்சு உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதன் பின்னே இருந்தது பெரும்பாலும் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே குறைதான்.

இந்த வரலாற்றை நான் சொல்லக் காரணமுண்டு. செட்டிகுளத்து மாணவியின் கருவியில் நடந்ததும் இதன் மறுபதிப்பே. ஆப்டிமஸில் ஒரு சிறு நஷ்டம் உண்டு: படம் சிக்கனக்காரர் வழியாகச் சுற்றிப் போவதால் விளையாட்டுகளில் வேகம் சற்றுக் குறையும். அதைப் பொறுக்காத விளையாட்டுப் பிரியர்களுக்காக அண்மை ஆண்டுகளில் பல கருவிகளில் சுவிட்ச் மீண்டும் வந்துவிட்டது. இம்முறை அது வெளியே தெரியாது; மென்பொருள் அமைப்புகளுக்குள் இருக்கும். அதைத் திருப்பினால் திரை நேரே பலசாலியோடு இணைந்துவிடும். பின்னர் அவருக்கு உறக்கமே கிடையாது. கடையில் வேகத்தைக் காட்டுவதற்காக யாரோ அதைத் திருப்பி வைத்திருந்தார்கள். திருப்பியதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டார்கள்.

நாங்கள் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். பேட்டரியை முழுக்க நிரப்பி, செருகியைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஒரே மாதிரி வேலை செய்யுங்கள். எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியில் முதலில் 17 சதவீதம் குறைந்தது. 52 வாட்-மணியில் 17 சதவீதம் அரை மணியில் போனால், செலவு ஏறத்தாழ 18 வாட். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காது. பிறகு மறைந்திருந்த அந்தச் சுவிட்சை இரு சித்திரக்காரர்களும் முறைவைத்து உழைக்கும் நிலைக்குத் திருப்பினோம். திரையின் புதுப்பிப்பையும் 144-லிருந்து 60-க்குக் குறைத்தோம். குறிப்பு எழுதுவதற்கு 144 எதற்கு? மறுநாள் அதே சோதனையில் 8 சதவீதமே குறைந்தது. ஆறேகால் மணி நேரக் கணக்கு. பேட்டரியில் பழுது ஒன்றுமில்லை.

எட்டு மணி அப்போதும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசகரே, அது வராது. விளம்பரத்துக்கான சோதனைகளில் காணொளி ஓடவிடுவது ஒரு வழக்கமான முறை. காணொளியை விரிக்க அதற்கென்றே செய்த தனிச் சுற்று ஒன்று சில்லில் இருப்பதால், அது கருவிக்கு மிக இலகுவான வேலை. ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கத்தின் 2001-ஆம் ஆண்டு முறையைப் பாருங்கள்: மங்கலான திரையில் காணொளி ஓட்டிய நேரத்தையும், மிகக் குறைந்த ஒளியில் ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்த நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். 2014-இல் காணொளிச் சோதனைக்கான திரை ஒளியைப் பல மடங்கு உயர்த்தித் திருத்திய முறை வந்தது. ஒன்றுமே செய்யாமல் இருக்கும் நேரத்தைச் சராசரியில் சேர்ப்பது, வேலைக்கு வராத நாளையும் சேர்த்துக் கூலியாளின் உழைப்பைக் கணக்கிடுவது போலல்லவா இருக்கிறது?

பெயர் ஒன்று, பசி வேறு

தாளின் மீது இன்னொரு பெரிய குறை சொல்ல வேண்டியிருக்கிறது. கார்டின் பெயரும் எண்ணும் பளிச்சென்று இருக்கின்றன. அது எத்தனை வாட் என்பது இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற மடிக்கணினிக் கார்டை எடுத்துக்கொள்வோம். என்விடியாவின் சொந்தக் குறிப்பின்படியே அது 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தப்படலாம். எந்த அளவு என்பது கருவி செய்பவரின் விருப்பம். மூன்று மடங்குக்கும் மேலான இடைவெளி, பெயரோ ஒன்றே. மின்விசிறிப் பெட்டியில்கூட வாட் அச்சிடப்பட்டிருக்கிறது. எழுபதாயிரம், எண்பதாயிரம் ரூபாய்ப் பொருளில் இல்லை.

முன்பு சிக்கனமாகப் பொருத்தப்பட்ட கார்டுகளை வேறுபடுத்திக் காட்ட ஓர் அடைமொழி பெயரோடு வந்தது. 2021-இல் 30 வரிசைக் கார்டுகள் வந்தபோது அந்த வேறுபாடு பெயரிலிருந்து மறைந்தது. விமர்சகர்கள் கண்டித்த பிறகு, வாட் அளவைத் தம் வலைப்பக்கங்களில் வெளியிடுமாறு கருவி செய்பவர்களிடம் நிறுவனம் கூறியது. வலைப்பக்கத்தில் தேடிப் பிடிப்பவர்களுக்கு அது கிடைக்கலாம். கடையில் தாளைப் புரட்டும் தந்தையாருக்குக் கிடைப்பதில்லை.

அந்த வாட் அளவும் செருகி மாட்டியிருக்கும் போதுதான். 52 வாட்-மணிப் பேட்டரியிலிருந்து 100 வாட்டை இழுத்தால் ஏறத்தாழ அரை மணியில் தீர்ந்துவிடும் என்பது மட்டுமன்று. பேட்டரியின் உள் மின்தடையில் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் உண்டாகி மின்னழுத்தமும் சரியும். ஆகவே செருகியைப் பிடுங்கியதும் கார்டை அடக்கி வைப்பதுதான் வழக்கம். "பேருந்திலும் விளையாடலாம்" என்ற கனவில் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது. பெரிய பேட்டரி வைத்தால் என்ன என்று கேட்கலாம். விமானத்தில் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்ல 100 வாட்-மணிதான் வரம்பு. விலையுயர்ந்த கருவிகள் 99-இல் வந்து நின்றுகொள்வது அதனால்தான்.

கார்டைத் தூற்றுவதே என் நோக்கமென்று எண்ண வேண்டாம். ஆற்றல் என்பது திறனையும் காலத்தையும் பெருக்கி வருவது. ஒரு கட்டட மாதிரியைப் படமாக்கும் வேலையைக் கார்டு 60 வாட் செலவில் பத்து நிமிடத்தில் முடிக்கிறது, மையச் செயலி 25 வாட் செலவில் ஒரு மணி நேரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் 10 வாட்-மணி; பின்னதில் 25. இங்கே பசித்தவனே சிக்கனக்காரன். இத்தகைய வேலை வாரம் தோறும் உள்ளவர்கள் கார்டு வாங்கலாம். வணிகவியலும் இலக்கியமும் பயில்கிறவர்களிடம், ஏன், இயற்பியல் பயிலும் என் மாணவர்களில் பெரும்பாலோரிடமும், "எதற்கும் இருக்கட்டும்" என்று சொல்லி விற்பதைத்தான் நான் ஒப்பவில்லை.

இலவசமாக வந்தவை

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 14 அங்குலத் திரை, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வட்டு, சாதாரணச் செயலி. அவற்றில் "கேம் ஓடாது" என்று இளைஞர்கள் குறைப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கும் மேல் மின்சாரமில்லாத நாட்கள் பலவற்றைக் கண்டோம். செட்டிகுளம் போன்ற ஊர்களில் பிளஸ் டூ மாணவர் இரவில் படித்தது பேட்டரியை நம்பித்தான். அக்காலத்து ஆறு செல் பேட்டரியில் 10.8 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர்-மணி என்றிருக்கும். பெருக்கினால் நாற்பத்தேழரை வாட்-மணி. அதில் ஒரு தனி கார்டும் பங்கு கேட்டிருந்தால் அந்த இரவுகளில் பாதி இருட்டாகியிருக்கும். அன்று அரசு வழங்கியதில் சிக்கனக்காரர் மட்டுமே இருந்ததைக் குறையென்று நான் சொல்ல மாட்டேன்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்குவதாக அரசு அறிவித்தது. இனி வரும் ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் இக்கருவிகள் இருக்கும். அவற்றைக் கவிழ்த்து வாட்-மணியைப் படிப்பதும், அரை மணிச் சோதனையைச் செய்வதும் ஆய்வுக்கூடம் தேவைப்படாத பயிற்சிகள். ஆண்டுக்கொரு முறை அதே சோதனையைச் செய்து தேதியோடு குறித்து வைத்தால், நூற்றுக்கணக்கான தடவை நிரம்பிக் காலியாகும் லித்தியம்-அயனிப் பேட்டரி எப்படி மெல்லக் குறைகிறது என்பதும் உங்கள் ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

செட்டிகுளத்து மாணவி அப்படி ஓர் ஏடு தொடங்கியிருக்கிறார். அவர் தந்தையாரோ, அடுத்த முறை பெரம்பலூர் போகும்போது அந்த வண்ணத் தாளையும் மகளின் ஏட்டையும் கடைக்கு எடுத்துப் போகப் போவதாகச் சொன்னார். "சண்டைக்கு இல்ல சார். அடுத்து வர்ற பிள்ளைக்கு அந்த சுவிச்சத் திருப்பி வச்சுக் குடுக்கச் சொல்லலாம்னுதான்."